நீதவான் ஆசனமும் சட்டசபை ஆசனமும்: பொன்னம்பலம் அருணாசலத்தின் பணிவாழ்வு

பொன்னம்பலம் அருணாசலம் 1875ஆம் ஆண்டு இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். இங்கிலாந்தில் நடந்த போட்டிப் பரீட்சையில் தேறி அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. கொழும்பில் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில் சிறிது காலம் வேலை பழகினார். பின்னர் கண்டிப் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு அளவில் இருக்கும். பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமாரே அமர்ந்து பழகிய வரிசையில் ஒரு தமிழர் வந்து உட்கார்ந்தது அந்தக் கண்டி நகரத்துக்குப் புதிய காட்சி.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14இல் கொழும்பில் பிறந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயை வேராகக் கொண்ட குடும்பம். தந்தை அ. பொன்னம்பல முதலியார். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி 1860களிலேயே சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானவர். கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. மாமனுக்குப் பிறகு இராமநாதனும், அவருக்குப் பின் குமாரசுவாமியும் அதே தமிழர் ஆசனத்தில் அமர்ந்தார்கள். ஒரே வீட்டுக்குள் ஒரு சமூகத்தின் சட்டசபைக் கதிரை கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் வாக்களித்து அவர்களை அனுப்பவில்லை. தேசாதிபதி பெயர் குறித்தார், அவ்வளவுதான். அருணாசலத்துக்கு மட்டும் அந்தக் கதிரை கிடைக்கவில்லை. அவர் போன வழி வேறு.

கொழும்பு அக்கடமியில் (பின்னாளில் றோயல் கல்லூரி) படித்து, அரசாங்கப் புலமைப்பரிசிலோடு கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர் எட்வர்ட் கார்ப்பென்டர், பின்னாளில் ஆங்கிலச் சமதர்ம எழுத்தாளராக அறியப்பட்டவர். இருவருடைய நட்பும் கடிதப் போக்குவரத்தும் கடைசிவரை நீடித்தன. அருணாசலமும் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அவருடைய நாட்டம் வழக்கறிஞர் தொழிலில் இருந்தது. மாமனின் வற்புறுத்தலே சிவில் சேவைப் பரீட்சைக்கு உட்காரவைத்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர் கண்டிக்கு வந்த ஆண்டில் கோப்பி உச்சத்தில் இருந்தது. 1869இல் இலைநோய் தலைகாட்டியிருந்தாலும் அதன் கேடு இன்னும் துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது. மாத்தளைப் பாதை வத்துகாமத்தைத் தொட 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வத்துகாமத்துக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைச்சாரலில், பன்வில, மடுல்கலை, கலபொக்கை, கபரகலை எனத் தோட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவை என்று கொண்டது. அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் இந்தத் தோட்டங்களில் பல எழுந்தன. வேலைக்கு ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிமாரின் பின்னால், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை கால்நடையாக.

மலைநாட்டுப் பொலிஸ் நீதிமன்றங்களின் அன்றாட வேலை எது என்பதை இந்தப் பின்னணி விளக்கும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலைக்காரர், கூலியாட்கள், கைவினைஞர் ஆகியோரின் சேவை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தியது. வாய்மொழியாகப் பேசிக்கொண்ட வேலையும் மாத ஒப்பந்தமாகக் கொள்ளப்பட்டது. நிறுத்துவதற்கு முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால் மாதாமாதம் அது தானே புதுப்பிக்கப்படும். நியாயமான காரணமின்றி வேலையைவிட்டுப் போவது, வேலைக்கு வர மறுப்பது, சொல்லுக்குக் கீழ்ப்படியாமை எல்லாமே குற்றம். மூன்று மாதம்வரை கடூழியச் சிறை, அபராதம், சம்பள இழப்பு என்று தண்டனை. ஒப்பந்தத்தை மீறியவரிடம் நட்டஈடு கேட்பதே சாதாரண குடியியல் சட்டத்தின் வழி. தோட்டத்தில் அதே மீறலுக்குப் பொலிஸ், பிடியாணை, மறியல்.

நீதிமன்ற மொழி ஆங்கிலம். தோட்டத்திலிருந்து பிடித்து வரப்பட்ட தொழிலாளியின் பேச்சு மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகத்தான் நீதவானின் காதுக்குப் போகும். அந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு நீதவான் இருப்பது சின்ன விடயமல்ல. ஆனாலும் சட்டத்தின் வாசகம் நீதவானின் மொழியோடு மாறாது. அருணாசலம் அறுபது வயதுக்குப் பிறகு இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பியபோது, கண்டியில் கழித்த இளமைக்கால நாட்கள் அவர் மனதில் இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

1865ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது இராணி வழக்கறிஞர் பதவியில் இருந்தவர் ரிச்சட் மோர்கன் என்ற பரங்கியர். அரசின் சட்டங்களை வரைவதும் சபையில் கொண்டுவருவதும் அந்தப் பதவியின் பொறுப்பு. மோர்கன் 1851இல் பரங்கியர் பிரதிநிதியாகச் சபைக்கு வந்தவர். கொழும்பு மாவட்ட நீதிபதியாக இருந்தவர். 1863இல் இராணி வழக்கறிஞர். 1875இல் தற்காலிகப் பிரதம நீதியரசர். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அருணாசலம் வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் மோர்கன் உயர்ந்த ஆசனத்தைத் தொட்ட ஆண்டும் ஒன்றே. சட்டம் இயற்றியவரே தீர்ப்பும் சொன்ன தலைமுறையின் கடைசிப் பெரிய ஆள் மோர்கன் என்று சொல்லலாம்.

இதே காலத்து அமெரிக்க மாநிலங்களை இங்கே ஒப்புநோக்குவது பயன் தரும். அங்கும் ஒருவரே சில ஆண்டு சட்டசபையிலும் சில ஆண்டு நீதிபதி ஆசனத்திலும் இருப்பது வழக்கம். ஆனால் பல மாநிலங்களில் இரண்டுக்கும் ஊரார் வாக்குக் கேட்டுப் போக வேண்டும். மிசிசிப்பி 1832இல் தன் நீதிபதிகள் எல்லோரையும் தேர்தலில் தெரியத் தொடங்கியது. நியூயோர்க் 1846இல் அந்த வழிக்கு வந்தது. கட்சிச் சார்பும் செல்வாக்கும் நீதிமன்றத்துக்குள் நுழைகின்றன என்ற குறை அங்கே எப்போதும் இருந்தது. இலங்கையிலோ நீதவானையும் சபை உறுப்பினரையும் நியமித்தது ஒரே கை. அந்தக் கை நியமித்தவரைக் கேள்வி கேட்க ஊராருக்கு வழி இல்லை.

கண்டிக்குப் பின் அருணாசலம் தீவின் பல பகுதிகளில் பொலிஸ் நீதவானாகவும், சிறுவழக்குகள் கேட்கும் கோரிக்கை நீதிமன்ற ஆணையாளராகவும், மாவட்ட நீதிபதியாகவும் வேலை பார்த்தார். சிவில் சேவைக்காரர் ஒருவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வரி வாங்கிக்கொண்டே நீதிமன்றத்தில் வழக்கும் கேட்பது அன்றைய நடைமுறை. அதில் நீதித் துறையையே பெரிதாக எடுத்துக்கொண்ட சிலரில் அவர் ஒருவர். 1877 முதல் 1879 வரை பிரதம நீதியரசராக இருந்த ஜோன் பட் பியர், சிவில் சேவையில் நீதிப் பணிக்கு உண்மையாகவே தகுதியானவர்கள் என இருவரையே சுட்டினார் என்பார்கள்: ஒருவர் பெர்விக், மற்றவர் அருணாசலம்.

அந்தத் தகுதி எளிதில் வருவதல்ல. இலங்கையில் அன்றும் இன்றும் சட்டம் ஒன்றல்ல. பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம். வடக்குத் தமிழருக்குத் தேசவழமை. முஸ்லிம்களுக்குத் தனி விதிகள். மட்டக்களப்பில் ஒருகாலத்தில் முக்குவர் வழமையும் இருந்தது. மலைநாட்டுச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம்: பெண் கணவன் வீட்டுக்குப் போனாளா, கணவன் அவள் வீட்டுக்கு வந்தானா என்பதைப் பொறுத்து அவளுடைய பிதுரார்ஜிதப் பங்கு மாறும். பன்வில வீதியில் எதிரும் புதிருமாக இருக்கும் மூன்று வீட்டுக்காரருக்கு மூன்று வகைச் சொத்துரிமை இருக்கக்கூடும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்திக் குடியியல் சட்டத்தின் தொகுப்பு ஒன்றை எழுத அருணாசலம் முனைந்தார். ஆட்களைப் பற்றிய சட்டத்தோடு அதன் முதற்பாகம் வெளிவந்தது. குற்றவியலுக்கு 1883இலும் குடியியல் நடைமுறைக்கு 1889இலும் கோவைகள் வந்தபோதும், திருமணம், வாரிசு, நிலம் ஆகியவை பற்றிய சட்டம் பழைய கட்டுகளாகவே கிடந்தது. அந்தக் குறையைத் தனியொருவராக நிரப்ப முயன்ற வேலை அது. முழுமை பெறவில்லை என்பது வேறு விடயம்.

1887இல் தேசாதிபதி ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். ஏறத்தாழ முப்பது மூத்த அதிகாரிகளைத் தாண்டிக் கிடைத்த பதவி அது. தாண்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. முறைப்பாடு இலண்டன்வரை போனது. கோர்டன் பின்வாங்கவில்லை. பதிவாளர் திணைக்களத்தின் அன்றைய நிலையைப் பார்த்தால், ஒரு நீதிபதியை ஏன் அங்கே தேடினார்கள் என்பது புரியும். காணி உறுதிகளின் பதிவு குழம்பிக் கிடந்தது. ஒரே காணியை இருவருக்கு விற்பது, செத்தவர் கையெழுத்தில் உறுதி முடிப்பது, பங்குக்குள் பங்காகப் பிரிந்த மலைநாட்டு நிலத்தில் இல்லாத பங்கை எழுதி வாங்குவது முதலிய மோசடிகளுக்கு ஒழுங்கற்ற பதிவேடு நல்ல மறைவிடம். அருணாசலம் பதிவேடுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார், சுட்டிகளைச் சீர்ப்படுத்தினார், எழுதுவினைஞர்களின் வேலைமுறையை மாற்றினார். 1891ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் காணிப் பதிவுச் சட்டமும், பிறப்பு இறப்புக்கும் திருமணத்துக்குமான 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்களும் இந்தக் காலத்தவை.

பதிவு என்பது வெறும் எழுதுவினைஞர் வேலை என்று நினைப்பவர்கள் மலையகத்தின் பிற்கால வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வம்சாவழியால் பிரசை என்று நிறுவத் தந்தை இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் பிறந்த எத்தனையோ பேருக்குக் காட்டுவதற்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. பதிவேடு ஒழுங்காக இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு, அறுபது ஆண்டு கழித்துப் பல இலட்சம் பேரின் நாட்டுரிமையாக வெளிப்பட்டது. அருணாசலத்தின் திட்டத்தில் இது இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவருடைய திணைக்களத்தின் வேலையை அளக்க இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை.

1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே. தீவின் மொத்தத் தொகை 35,65,954 என்று வந்தது. பத்தாண்டுக்கு முன் அது 30,07,789. தோட்டங்களில் இருந்தவர்கள் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேல். கோப்பி செத்துத் தேயிலை வந்து, கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்ததன் கணக்கு அது. கோப்பிக்காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்கள் இப்போது குடும்பத்தோடு லயத்திலேயே தங்கினார்கள். அருணாசலத்தின் அறிக்கை எண்களின் அட்டவணையாக மட்டும் நிற்கவில்லை. தீவின் வரலாறு, மதங்கள், மொழிகள், சாதிகள், பழக்கவழக்கங்கள் எல்லாம் அதில் விரிவாக வருகின்றன. அரசாங்க அறிக்கையை வாசிக்கத்தக்க நூலாக எழுதும் பழக்கம் இலங்கையில் அதிகம் பேருக்கு வாய்க்கவில்லை.

உத்தியோகத்தின் பிற்பகுதியில் அவர் சட்டநிரூபண சபையில் உத்தியோக உறுப்பினராக அமர்ந்தார். ஓய்வுக்குச் சற்று முன் நிறைவேற்று சபையிலும் இடம் கிடைத்தது. சட்டநிரூபண சபை கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தத்தின் வழி 1833இல் ஏற்பட்டது. தொடக்கத்தில் உத்தியோகத்தவர் 9 பேர், வெளியார் 6 பேர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பரங்கியர் ஒவ்வொருவர். 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் இடம் கூட்டப்பட்டது. உத்தியோக உறுப்பினரின் நிலை விசித்திரமானது. அவர் பேசலாம், ஆனால் வாக்கு அரசாங்கத்துடையது. தன் மனசாட்சிக்கு மாறான பிரேரணைக்கும் அவர் கை தூக்கியே ஆக வேண்டும். சபையில் சுதந்திரமாகப் பேசிய அண்ணன் இராமநாதனுக்குப் பின்னால் வாக்குப் பலம் இல்லை. வாக்குப் பலம் உள்ள பக்கத்தில் இருந்த தம்பிக்குச் சுதந்திரம் இல்லை. 1911இல் படித்த இலங்கையருக்கென முதன்முதலாக ஏற்பட்ட தேர்தல் ஆசனத்தை இராமநாதன் வென்றார். அந்தத் தொகுதிக்கு நாடு முழுவதிலும் இருந்த வாக்காளர் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான்.

1913இல் ஓய்வு; அதையொட்டி சர் பட்டம். அருணாசலத்தின் வாழ்க்கையில் சட்டத்தை உண்மையாகவே மாற்றிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. அப்போது அவருக்கு நீதிமன்ற ஆசனமும் இல்லை, சபை ஆசனமும் இல்லை. 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். 1917 ஏப்ரலில் நாட்டின் அரசியல் தேவைகள் பற்றி அவர் ஆற்றிய உரை சீர்திருத்த இயக்கத்துக்குத் தொடக்கமாயிற்று. அதே ஆண்டில் சீர்திருத்தக் கழகம் உருவானது. 1919 டிசம்பர் 11இல் கூடிய இலங்கைத் தேசிய காங்கிரஸ் அவரைத் தன் முதல் தலைவராக்கியது.

அதே 1919இல் அவர் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கமே மலைநாட்டைப் பொறுத்தவரை முக்கியமானது. அதன் செயலாளர் பெரி சுந்தரம். தோட்டத்துத் தமிழ்ச் சமூகத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ்வரை படித்து, பாரிஸ்டராகத் திரும்பி வந்த இளைஞர். சங்கம் எடுத்துக்கொண்ட வேலை, சேவை ஒப்பந்தத்தை மீறுவதற்குச் சிறைத் தண்டனை கொடுக்கும் விதிகளை ஒழிப்பது. அதோடு பின்னிக்கிடந்தது துண்டு முறை. தொழிலாளி ஊரிலிருந்து புறப்பட்டபோதே வழிச்செலவு, முன்பணம், கங்காணி கொடுத்த அரிசி என்று கடன் தலையில் ஏறிவிடும். இன்ன தொகையைத் தந்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. புதிய தோட்டம் கடனைக் கட்டித் தொழிலாளியை எடுக்கும்; கடன் தீராது, தோட்டம் மட்டும் மாறும். ஆள் தட்டுப்பாடான காலங்களில் கங்காணிமார் ஆட்களோடு துண்டுகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோய்ப் பேரம் பேசியதால் துண்டுத் தொகை ஏறிக்கொண்டே போனது. அந்தப் பேரத்தில் தொழிலாளிக்கு ஒரு சதமும் சேரவில்லை. துண்டு பொருளாதாரக் கயிறு. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த பொலிஸ்காரன்.

நீதவானாக இருந்தவர் என்பதால் அருணாசலத்தின் வாதத்துக்குத் தனி வலு இருந்தது.  குடியியல் மீறலைக் குற்றமாக்கும் சட்டம், நாகரிகமான நீதிமுறைக்கு ஒவ்வாதது என்று குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எழுதினார். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர்ந்துகொண்டது. ஆட்களை அனுப்பும் நாடு கேட்ட கேள்விகளை ஆட்களை வாங்கும் நாடு தட்டிக்கழிக்க முடியவில்லை. 1921, 1922 ஆண்டுகளில் துண்டு தடைசெய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளியை ஒப்பந்த மீறலுக்காகச் சிறையிலிடும் விதிகளும் போயின. அரை நூற்றாண்டுக்கு மேல் மலைநாட்டு நீதிமன்றங்களை நிரப்பிய வழக்கு வகை ஒன்று அத்தோடு அற்றது. கங்காணியின் கடன்புத்தகம் உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இப்போது பிடியாணை இல்லை.

காங்கிரஸோடு அவருடைய உறவு நீடிக்கவில்லை. மேல் மாகாணத் தமிழருக்குத் தனி ஆசனம் பெற உதவுவோம் என்று 1918இல் சிங்களத் தலைவர்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு 1921இல் காற்றில் போயிற்று. அருணாசலம் விலகினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தொடங்கினார். தேசிய இயக்கத்தின் முதல் தலைவரே இனவழி அமைப்பொன்றுக்குத் தலைவரானதைப் பலர் தோல்வியாகவே எழுதுகிறார்கள். எழுத்தில் உள்ள உடன்பாட்டுக்கு அவர் ஒரு நீதிபதியின் எடை கொடுத்தார், மறுபக்கத்தார் அரசியல்வாதியின் எடை கொடுத்தார் என்று பார்ப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சீர்திருத்தவாதிகள் போராடிப் பெற்ற 1920களின் சபைகளிலும் வாக்குரிமை எழுத்தறிவு, வருமானம், சொத்து ஆகியவற்றோடு கட்டுண்டிருந்தது. சிறையிலிருந்து மீட்கப்பட்ட தோட்டத் தொழிலாளி வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றான்.

1924 ஜனவரி 9இல், யாத்திரை போயிருந்த இடத்தில், மதுரையில் அருணாசலம் காலமானார். 1930இல் கொழும்பில் சட்டசபைக் கட்டட முன்றலில் அவருக்குச் சிலை எழுந்தது. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் அவர் கேட்டு வந்ததை நினைவுகூர்ந்து, பேராதனை வளாகத்தின் மாணவர் விடுதிகளில் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. மகன் அருணாசலம் மகாதேவா பின்னாளில் அமைச்சரானார்.

தொழிலாளர் சட்டம் அவர் விட்ட இடத்தில் நிற்கவில்லை. 1923இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க வழி செய்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலில், தொழிலாளர் நலச் சங்கத்தின் பழைய செயலாளர் பெரி சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வணிகம் ஆகியவற்றுக்கு அமைச்சரானார்.